“இனிப்பு சாப்பிட்டீர்களா?” – சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு குடித்தனம் நடத்துபவன் எழுதுகிறேன்.

சென்ற முறை என் டோக்கன் வந்தபோது மருத்துவர் பரிசோதனைச் சீட்டைத்தான் பார்த்தார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.2 சதவீதம். “இனிப்பு சாப்பிட்டீர்களா?” இல்லை என்றேன். நம்பவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

இனிப்பைத் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் பல இரவுகள் மாத்திரையை டப்பாவிலேயே விட்டிருந்தேன். மறதியால் அல்ல, சலிப்பால். பேத்தியின் காதுகுத்துப் பந்தியில், “உங்களுக்கு வேண்டாம் மாமா” என்று எல்லோர் முன்னிலையிலும் என் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிரவு தொடங்கியது அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்கள் துறை அறியாத விஷயமில்லை இது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலன்ஸ்கியும் அவருடைய சகாக்களும் இந்தச் சுமையை அளக்க ஒரு கேள்விப் படிவத்தை 1995-லேயே வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோய் வேறு, இது வேறு. நாள் தவறாமல் நோயைச் சுமப்பதால் வரும் அலுப்பு. பின்னர் வந்த 17 கேள்விப் படிவத்தை இரண்டே கேள்விகளாகவும் சுருக்கியிருக்கிறார்கள். இந்த நோயோடு வாழ்வது மலைப்பாக இருக்கிறதா? சொன்னபடி நடக்க முடியாமல் தோற்றுக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறதா?

வெளியே நிற்கும் வரிசையை நானும் பார்க்கிறேன். உங்களிடம் அரை மணி நேரம் கேட்பது அநியாயம். இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரே இந்த இரண்டையும் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் குறித்துவிடலாமே.

திட்டினால் திருந்துவோம் என்று நினைக்கிறீர்கள். நாங்களோ ரேங்க் கார்டுக்குப் பயந்த பிள்ளைகளைப் போல, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பட்டினி கிடக்கிறோம். (வெறும் வயிற்றுச் சர்க்கரையிடம் சில சமயம் பலிக்கும் வித்தை, மூன்று மாதச் சராசரியிடம் பலிக்காது.) அதற்கும் அலுத்தவர்கள் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர், கால் விரல் கறுத்த பிறகுதான் மருத்துவமனைப் படியேறினார். ஒன்றரை வருடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். “திட்டு வாங்கத் தெம்பில்லை” என்றார்.

அடுத்த மாதம் மறுபடி வருவேன். சீட்டை மடித்துத்தான் தருவேன். பிரிப்பதற்கு முன் அந்த இரண்டில் ஒன்றையாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்