எழுபதில் ஐம்பத்திரண்டு போனால்

நாமக்கல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரைக்காக மருத்துவர் சொன்னபடி காலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று பூங்காவில் உடன் நடப்பவர்கள் சொல்வதாகவும், அவர்களில் ஒருவர் புரதப் பொடி டப்பா ஒன்றை உன் தலையில் கட்டப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலில், வெறும் வயிற்றோடு போய் நான் பட்ட பாட்டைக் கேள்.

சென்ற மாதம் மகனுடன் கொல்லிமலைக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். முதல் நாள் ஏகாதசி என்பதால் இரவு சாப்பிடவில்லை. விடியற்காலையில் சர்க்கரை போடாத கடுங்காப்பி ஒரு டம்ளர், அவ்வளவுதான். காரவள்ளி வரை சமதரை என்பதால் ஒரு குறையும் தெரியவில்லை. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். நாற்பது வரை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். ஐம்பதைத் தாண்டியதும் கால்கள் என்னுடையவையாக இல்லை; கை நடுங்கியது, உடம்பு சில்லென்று வியர்த்தது. 52ஆம் பலகையைப் பார்த்து, இன்னும் எத்தனை என்று கணக்கிட முயன்றேன். முப்பத்தொரு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு எழுபதில் ஐம்பத்திரண்டு போனால் மீதி எவ்வளவு என்று சொல்ல வரவில்லை. மகன் என்னைக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து, பிளாஸ்கில் இருந்த சர்க்கரைத் தேநீரைக் குடிக்கக் கொடுத்தான். வாழைத்தாரோடு அவ்வழியே இறங்கிவந்த ஒரு மலைக்காரப் பெண், கேட்காமலேயே நான்கு பழங்களைப் பிய்த்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் 'பதினெட்டு' என்ற விடை தானாக வந்தது.

வீடு திரும்பியதும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாவது ஏடிபி என்ற மூலக்கூறு. அது எந்த நேரத்திலும் சில விநாடிகளுக்குப் போதுமான அளவே உடலில் இருப்பதால், செலவாகச் செலவாக அதைப் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான சரக்கில் மாவுச்சத்து, கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். கிராமுக்கு 4 கிலோ கலோரி வீதம் மொத்தம் 2,000. கொழுப்போ ஒல்லியான ஆளிடம்கூடப் பத்துக் கிலோ தேறும். கிராமுக்கு 9 வீதம் அது 90,000. முன்னது அடுக்களை அரிசிப்பானை, பின்னது குதிர்.

குதிர் நிறைய நெல் இருக்கையில் நான் ஏன் வளைவில் உட்கார்ந்தேன் என்று நீ கேட்பாய். நெல்லைக் குத்தி அரிசியாக்கித்தானே உலையில் போட முடியும்? கொழுப்பு அதன் கிடங்கிலிருந்து விடுபட்டு, இரத்தத்தில் பயணம் செய்து, தசைக்குள் ஆக்சிஜனோடு எரிந்து முடிய நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனுக்கும் அது தரும் ஆற்றலும் மாவுச்சத்தைவிடச் சற்றுக் குறைவு. சமதரை நடைக்கு அந்த வேகம் தாராளமாகப் போதும். செங்குத்தான ஏற்றத்தில் உடல் அரிசிப்பானையில்தான் கையை விடும்.

என் நிலைமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளைகோஜனைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. ஆகவே தொடைத் தசை தன் சரக்கை அண்டை வீட்டுக்குக் கைமாற்றாகக்கூடக் கொடுக்காது. மணிக்கு ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸ் கேட்கும் மூளை, இரவெல்லாம் கல்லீரலையே நம்பியிருக்கிறது. விரதத்தில் அந்தச் சரக்கு பெரும்பாலும் தீர்ந்திருந்ததால்தான் காலோடு சேர்ந்து கணக்கும் நின்றது. 1924இல் பாஸ்டன் மாரத்தானை முடித்த ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், தள்ளாடி வந்தவர்களிடம் சர்க்கரை மிகவும் குறைந்திருந்ததைக் கண்டார்கள்; மறு ஆண்டு ஓடும்போதே மிட்டாய் தின்னக் கொடுத்தபோது அவர்கள் தெளிவாகவே ஓடி முடித்தார்கள்.

நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது, பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு சுவீடன் மருத்துவர்கள் 1966இல் வெளியிட்ட சோதனை. இருவரும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், அந்தக் கால் ஓயும்வரை மிதித்தார்கள்; பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவை உண்டு, இரண்டு தொடைகளிலும் ஊசியால் தசையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைகோஜன், ஓய்ந்திருந்த காலில் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. உண்டது ஒரே வாய், ஓடியது ஒரே இரத்தம்; ஆனாலும் காலியான பானைக்குத்தான் அரிசி போய்ச் சேர்ந்திருக்கிறது. தம் தொடையையே சோதனைக்குக் கொடுத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

இன்னொரு விந்தை: தேநீர் நாக்கில் பட்ட உடனேயே எனக்குத் தெம்பு வந்தது, வயிற்றைத் தாண்டி இரத்தத்தில் கலக்க அதற்குள் நேரமே இல்லை. மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல் வாயில் கொப்பளித்துத் துப்பிய சைக்கிள் வீரர்கள், ஒரு மணி நேர ஓட்டத்தை ஏறத்தாழ 3 விழுக்காடு விரைவாக முடித்ததாக 2004இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. சரக்கு வந்துவிட்டது என்று வாய் மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது போலும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் நடந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மைதான். ஆனால் நாள் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் அது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. உனக்கு அதைவிட முக்கியமான செய்தி, உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமல் தானே கதவைத் திறந்து இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்பது. சாப்பிட்ட பின் சிறிது நேரம் நடக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் சில சர்க்கரை மாத்திரைகளோடு நடையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். உன் மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள், சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இல்லாமல் வெளியே போகாதே.

புரதம், உழைக்கும்போது செலவாகும் ஆற்றலில் மிகச் சிறிய பங்கையே தருகிறது. அதன் முதல் வேலை தசையைப் பழுதுபார்ப்பது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாமக்கல்லில் இருந்துகொண்டு பொடி டப்பாவுக்கு நான் சிபாரிசு செய்தால் ஊரை விட்டே துரத்திவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏறினோம். முதல் நாள் இரவு வயிறார மோர்ச்சோறு, புறப்படுமுன் நான்கு இட்லி, வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் பேரீச்சையும் வாழைப்பழமும். 52ஆம் பலகையருகே மகன் வேண்டுமென்றே சைக்கிளை நிறுத்தி, மீதி எவ்வளவு என்று கேட்டான். நிறுத்தாமல் பதில் சொல்லிக்கொண்டே அவனைக் கடந்துபோனேன்.

நடைக்கு முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்த்த எண்களை, என்ன சாப்பிட்டாய் என்பதோடு சேர்த்து, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்