எண்ணெய்ச் செக்குக்காரருக்கு ஒரு ரிப்போர்ட்

கோவை,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும் இந்தக் காலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். பதிலும் அதே கணக்கில்தான் வரும், பொறுத்துக்கொள். பெரியவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்ற சேதி ரொம்பச் சந்தோஷம். நாங்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது காலைப் பேப்பரில் இரங்கல் விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குச் சேதி சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்வெட்டு பாட்காஸ்டுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க்காரர் விளம்பரம் தர முன்வந்திருக்கிறார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள், என்ன வயது, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரே தாளில் வேண்டும் என்கிறார். உன் ஒலிக்கோப்புகளை வைத்திருந்து பரிமாறும் ஹோஸ்டிங் கம்பெனியோ ‘உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே உருவாக்குங்கள்’ என்று புதிதாக ஒரு பக்கம் திறந்து, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறது. எதையெல்லாம் டிக் பண்ணுவது என்பது உன் கேள்வி.

டிக் பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பெட்டிகளுக்கு அடியில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துவிடு. ஒருவர் உன் எபிசோடைத் திறந்தால் அவருடைய செயலி உன் ஹோஸ்டின் சர்வரிடம் ஒலிக்கோப்பைக் கேட்கும். சர்வர் கோப்பைக் கொடுத்துவிட்டு லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கும். நேரம், ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), எந்தக் கோப்பு, எத்தனை பைட் போனது, கேட்டது எந்தச் செயலி என்று அதுவே சொல்லிக்கொள்ளும் ‘யூசர் ஏஜென்ட்’ வரி. அவ்வளவுதான். பெயரும் கிடையாது, வயதும் கிடையாது. ஊர்கூட அதில் இல்லை. ஐபியை வைத்து ஊரை ஊகிக்கிறார்கள். நீ டேஷ்போர்டில் பார்க்கும் வண்ண வண்ண வட்டமெல்லாம் இந்த வரியைப் பிழிந்து எடுத்ததுதான்.

அந்த வரிகளை அப்படியே எண்ணவும் முடியாது. ஐபோனில் ஒருவர் பிளே பட்டனை அழுத்தினால், முதலில் 2 பைட் மட்டும் கேட்டு ஒரு வரி விழும். சர்வர் கோப்பைத் துண்டு துண்டாகத் தருமா என்று அது சோதித்துப் பார்க்கிறது. அப்புறம் துண்டுக்கு ஒரு வரி. ஒரு மனிதர் ஒரு தடவை கேட்டதற்கு லாக்கில் வரிசையாகப் பல வரிகள். இதை ஒழுங்குபடுத்தத்தான் இணைய விளம்பரத்துக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஐஏபி டெக் லேப் விதிமுறைகளை வகுத்தது. 2017 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்புதான் இன்றைய கணக்குக்கு அடித்தளம். ஒரே ஐபி, ஒரே யூசர் ஏஜென்ட், ஒரே எபிசோட், 24 மணி நேரத்துக்குள் எத்தனை தடவை கேட்டாலும் ஒரு டவுன்லோட். குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது போயிருக்க வேண்டும். பாட்டுகளையும் தேடுபொறிகளையும் கழித்துவிட வேண்டும். பாட்டு என்றால் நம் பாட்டு இல்லை, தானியங்கி நிரல்கள். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) கோப்பில் ஒரு நிமிடம் என்பது 9,60,000 பைட். நீ மோனோவில் 64-இல் ஏற்றுகிறாய், அப்படியானால் அதில் பாதி போதும். கோப்பின் தலையில் ஒட்டிவைத்திருக்கிறாயே அந்தக் கோபுரப் படம், அதன் பைட்டுகள் இந்தக் கணக்கில் சேராது.

டவுன்லோட் ஆனதெல்லாம் காதுக்குப் போனதா என்றால், அதுவும் இல்லை. 2023 கடைசியில் உன் கிராஃப் சரிந்ததைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். அந்தச் செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 வந்தது. அதற்கு முன்னால், கொஞ்ச காலம் கேட்காமல் விட்டிருந்த ஒருவர் திரும்ப வந்து ஒரு எபிசோடைத் தட்டினால், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் செயலி இடையில் விட்டுப்போனதையெல்லாம் தானாக இறக்கிக் குவிக்கும். ஐஓஎஸ் 17-இல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய எபிசோட் நிறைய வைத்திருந்த நிகழ்ச்சிகளுக்குத்தான் அடி பலம். உன்னுடையது அந்த ரகம். கேட்கிற கூட்டம் அப்படியே இருந்தும் எண்ணிக்கை இறங்கும். அந்தச் சமயத்தில்தான் நீ சோழர் வரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய் என்பதால் வரிகளைப் பழிக்காதே. (வரி என்றால் யாருக்கும் பிடிக்காதுதான், அது வேறு.)

இனி மாவட்டக் கணக்கு. எண்ணெய்க்காரருக்கு இதுதான் முக்கியம், ரிப்போர்ட்டில் மிக மிகப் பலவீனமான பெட்டியும் இதுதான். நகரம் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன், சென்னையும் பெங்களூருவும்தான் மேலே நிற்கின்றன, கும்பகோணம் எங்கோ அடியில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். திருவையாற்றில் ஒருவர் மொபைல் டேட்டாவில் கேட்கிறார் என்று வைத்துக்கொள். அவருடைய இணைப்பு மொபைல் கம்பெனியின் ஏதோ ஒரு பெரிய நகரத்து வாயில் வழியாகத்தான் வெளியே வரும். எந்த ஐபி எந்த ஊர் என்று ஊகித்துப் போட்டுவைத்த அட்டவணையில் அந்த ஐபிக்கு எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அதுவே உன் ரிப்போர்ட்டில் ஏறும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேட்பவர் கணக்கில் சென்னைவாசி ஆகிவிடுவார். வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு பரவாயில்லை, பல நேரம் ஊர் ஒத்துப்போகும். ஆனால் உன் ஆட்கள் பேருந்திலும் வயல் வரப்பிலும் கேட்பவர்கள் என்று நீயே சொல்கிறாய்.

அது மட்டுமா? ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல மொபைல் சந்தாதாரர்களை நிறுத்துவது இங்கே சகஜம். ஒரே செயலி, ஒரே மாதிரி போன், ஒரே ஐபி என்று அமைந்துவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். மறுபக்கம், ஒருவருக்கே காலையில் ஒரு ஐபி, மாலையில் ஒரு ஐபி. மாதம் முழுக்கக் கேட்கும் ஒரு விசுவாசமான நேயர் ‘தனித்த நேயர்கள்’ பெட்டிக்குள் பல பேராக நுழைந்துவிடுவார். அதனால் அந்தப் பெட்டியை நான் தொடுவதே இல்லை. நாடு வாரியான கணக்கை நம்பலாம். மாநிலத்தைக் கொஞ்சம் தயங்கி எடுத்துக்கொள்ளலாம். மாவட்டத்தை எழுதி, நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே.

வயதும், ஆணா பெண்ணா என்பதும் ஸ்பாட்டிஃபை செயலியில் கிடைக்கும், கணக்குத் தொடங்கும்போது அவர்கள் கேட்டு வாங்கியது. அது அங்கே கேட்பவர்களின் படம் மட்டும்தான். ஆப்பிளில் வயது கிடைக்காது. அங்கே ‘ஈடுபாடுள்ள நேயர்’ என்று ஒரு கணக்கு உண்டு, 20 நிமிடமாவது அல்லது எபிசோடில் 40 சதவீதமாவது கேட்டவர். ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம் என்றால் 60 விநாடியாவது கேட்டது. யூடியூப் உன் ஆர்எஸ்எஸ்ஸிலிருந்து (செயலிகளுக்கு எபிசோட் பட்டியலைத் தரும் கோப்பு) ஒலியை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு பரிமாறுவதால், அங்கே கேட்பது உன் லாக்கில் விழவே விழாது. ஹோஸ்ட், ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் என்று நான்கு இடத்துக் கணக்கையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடலாமா என்று கேட்டிருந்தாயே, போடாதே. ஒன்று படி, ஒன்று லிட்டர், ஒன்று மூட்டை. நான்கையும் தனித்தனி வரியாக, எது எதை எண்ணுகிறது என்ற ஒரு குறிப்போடு கொடு. செக்கு ஓட்டுகிறவருக்கு அளவை பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை, புரிந்துகொள்வார்.

அப்படியானால் அந்தப் பக்கத்தால் பயனே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ‘யார்’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எதைத் தேடி வருகிறார்கள்’ என்று கேட்டால் லாக் நன்றாகப் பேசும். உனக்காக இரண்டு ரிப்போர்ட் யோசித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது எளியது. ஒவ்வொரு எபிசோடுக்கும் வெளியான முதல் 7 நாள், முதல் 30 நாள் டவுன்லோட். மொத்தக் கணக்கில் பழைய எபிசோட்தான் எப்போதும் ஜெயிக்கும், வயது அதிகம் என்பதால். ஒரே வயதில் வைத்துப் பார்த்தால்தான் எது ஓடியது என்று தெரியும். சராசரி போடாதே, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை எடு. தேர்தல் சமயத்தில் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு எபிசோட் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அது ஒன்றே சராசரியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எண்ணெய்க்காரர் அதை நம்பி வந்தால் அடுத்த மாதம் உன் சட்டையைப் பிடிப்பார்.

இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. நீ சனிக்கிழமை காலை 5 மணிக்கு வெளியிடுகிறாய். உன் டேஷ்போர்டு யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடினால் அங்கே அது வெள்ளி இரவு 11.30. அந்த அரை மணி நேரம் ‘முதல் நாள்’ ஆகிவிடும், சனிக்கிழமை இரண்டாம் நாளாகும். அமைப்புகளில் நேர மண்டலத்தை மாற்ற முடிகிறதா பார். முடியாவிட்டால் நாள் கணக்கை விட்டுவிட்டு, வெளியான நிமிடத்திலிருந்து 168 மணி நேரம் என்று எண்ணிக்கொள். எந்த மணியில் அதிகம் கேட்கிறார்கள் என்ற வரைபடத்திலும் இதே தொல்லைதான். உனக்குக் காலை 5 மணி என்றால் சிங்கப்பூரில் 7.30, வேலைக்குக் கிளம்பும் நேரம். டொரன்டோவில் கோடையில் முந்தின நாள் மாலை 7.30. எல்லோரையும் ஒரே கடிகாரத்தில் போட்டால் யாருடைய பழக்கமும் தெரியாது. நாட்டு வடிகட்டியைப் போட்டுத் தனித்தனியாகப் பார்.

இரண்டாவதுதான் உன் பையில் பணம் போடக்கூடியது. இந்த மாதம் நடந்த டவுன்லோடுகளில் 90 நாளுக்கு மேல் பழைய எபிசோடுகளின் பங்கு எவ்வளவு, அதில் எந்தெந்த எபிசோட்? எபிசோட் வெளியான தேதியை வடிகட்டியாகவும், எபிசோட் பெயரைப் பிரிவாகவும் வைத்தால் வந்துவிடும். செய்தி நிகழ்ச்சிக்கு இந்த எண் ஏறக்குறையப் பூஜ்யமாக இருக்கும், போன வாரச் செய்தியை யார் கேட்பார்கள்? உன்னுடையது அப்படிக் கெட்டுப்போகிற பண்டமில்லை. புதிதாக வந்தவர்கள் பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அது சரியென்றால் விளம்பரத்தைப் புது எபிசோடில் மட்டும் உன் குரலில் பதித்து வைப்பது இருவருக்கும் நஷ்டம். டவுன்லோட் நேரத்தில் விளம்பரத்தைக் கோப்பில் கோர்க்கும் வசதி பல ஹோஸ்ட்களில் இருக்கிறது. உன்னிடமும் இருந்தால், எண்ணெய்க்காரரின் குரலைப் பழைய கிடங்கு முழுவதிலும் மூன்று மாதத்துக்கு ஓட்டு, பிறகு எடுத்துவிடு. விலை பேசும்போது இந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் காட்டு.

இன்னொன்று. உன் ஊர்க்காரர்கள் எம்பி3 கோப்பையே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள் என்றாயே. அதில் ஒன்றுகூட எந்தச் சர்வரையும் தொடாது. டெல்டாவில் உன் உண்மையான கூட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. எண்ணெய்க்காரரின் கடையில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு சொல் வை, ‘குடவோலை’ என்று சொன்னால் லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவு என்பது போல. ஒவ்வொரு கிளையிலும் கல்லாவில் ஒரு நோட்டு. மூன்று மாவட்டக் கணக்கு அவருக்குத் தன் கடை நோட்டிலேயே வந்துவிடும், உன் தாளை அவர் நம்பவும் வேண்டாம், சந்தேகிக்கவும் வேண்டாம். ஐபி அட்டவணையைவிட அந்த நோட்டைத்தான் நான் நம்புவேன்.

எந்தக் கருவியில் ரிப்போர்ட் செய்தாலும் மாதாமாதம் சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) ஆக இறக்கி உன் கணினியில் வைத்துக்கொள். சார்ட்டபிள் என்று பாட்காஸ்ட் கணக்குக்குப் பலரும் பயன்படுத்திய கருவி ஒன்று இருந்தது. ஸ்பாட்டிஃபை அதை 2022-இல் வாங்கியது, 2024 டிசம்பரில் மூடியது. ஹோஸ்டைச் சாராத இரண்டாவது கணக்கு வேண்டுமானால் ஓபி3 இருக்கிறது. ஜான் ஸ்பர்லாக் 2022-இல் தொடங்கிய திறந்த திட்டம், காசு கிடையாது. ஒலிக்கோப்பின் முகவரிக்கு முன்னால் அவர்களுடைய முகவரியைச் சேர்த்தால் போதும். ஆனால் கணக்கு ஊருக்கே தெரியும்படி இருக்கும், எண்ணெய்க்காரரும் பார்க்கலாம், உன் போட்டியாளரும் பார்க்கலாம். உனக்கு அது கூச்சமாக இருக்குமோ என்னவோ. எனக்கென்னவோ பேரத்தில் அது நல்லதென்றே படுகிறது.

நீ ரிப்போர்ட் அமைத்து முடித்ததும் அந்த இரண்டாவதை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். மூல லாக்கை இறக்க முடிந்தால் ஒரு வாரத்துக்கு உரியது போதும். அனுப்பும்போது ஐபி இருக்கும் நெடுவரிசையை அழித்துவிட்டு அனுப்புடா, உன் நேயர்களின் முகவரி என் மெயிலில் கிடக்க வேண்டாம். நேரமும், கோப்பும், பைட்டும், யூசர் ஏஜென்டும் இருந்தால் எனக்குப் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்