கேணிப் படம்

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய ரொறன்ரோ வீட்டுச் சுவரில் புதிதாகத் தொங்கும் படத்தை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் காட்டியபோது, "ஆரோ வெள்ளைக்காரரின்ர நீச்சல் தடாகத்தில இவளுக்கு என்ன ஆசை?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டாள். அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் இரண்டு நாளாக அந்தப் படம் மனதை விட்டுப் போகாததால் இதை எழுதுகிறேன்.

அது 1970இல், அமெரிக்காவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், ரிச்சர்ட் நொய்ட்ரா என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த வீட்டின் தடாகக் கரையில் ஸ்லிம் ஆரன்ஸ் எடுத்தது என்றாய். அவர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் படப்பிடிப்பாளராக இருந்து காயப்பட்டவர் என்றும், போர் முடிந்தபின் அழகான இடங்களில் அழகான மனிதர்களையே எடுப்பது என்று தீர்மானித்தவர் என்றும் உன் தம்பி தேடிச் சொன்னான். அதைக் கேட்டதும் அந்த மனிதர்மேல் எனக்கிருந்த எரிச்சல் பாதி அடங்கிவிட்டது. ஷெல் விழுந்த ஊரில் இருந்தவனுக்கு அந்தத் தீர்மானம் விளங்காமல் போகுமா? ஆனாலும் பார், அந்தப் படத்தில் ஒருவருமே நனையவில்லை. மஞ்சள் உடுப்புக்காரி தோழியுடன் கதைத்துக்கொண்டிருக்க, அத்தனை தண்ணீரும் சும்மா கிடக்கிறது.

என்னிடமுள்ள படத்திலோ நனையாத ஆளில்லை. கப்பலில் வேலை பார்த்த என் குஞ்சையா, 1972 ஆடி மாதம் விடுமுறையில் வந்தபோது, சிங்கப்பூரில் வாங்கிய கமராவால் கீரிமலைக் கேணியில் எடுத்தது அது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியால் வந்து, கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீராக ஊறும் அந்தக் கேணியில், மதிலில் ஏறிக் குதிப்பதுதான் எங்களுடைய வேலை. முந்தின ஆண்டு வல்வெட்டித்துறை ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பியும் வந்திருந்தார். அதன்பின் எங்கள் வயதுப் பெடியன்கள் எல்லோருக்கும் தாங்களும் ஆனந்தன் என்ற நினைப்பு. படத்தின் வலது மூலையில், தண்ணீரைத் தொடுவதற்கு முன் அந்தரத்தில் நிற்கும் இரண்டு மெலிந்த கால்கள் என்னுடையவை. தலை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அம்மா இன்றுவரை அதை நம்பவில்லை.

எங்கள் அல்பங்கள் எல்லாம் 1995 ஒக்ரோபரில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளியேறிய இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன என்பது உனக்குத் தெரியும். அரிசியையும் காணி உறுதிகளையும் எடுத்தவர்களுக்குப் படங்களை எடுக்கத் தோன்றவில்லை. லண்டனில் தாதியாக இருந்த உன் பெரிய மாமிக்கு அப்பாச்சி தபாலில் அனுப்பிய காரணத்தால்தான் இந்த ஒன்று தப்பியது. கையில் வைத்துக்கொண்டவை அழிய, கொடுத்தனுப்பியவையே மிஞ்சின. அதனால்தானோ என்னவோ, பழைய தடாகப் படங்கள் எவருடையவையாக இருந்தாலும் நம்மவருக்கு ஒரு பிடிப்பு உண்டாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகந்தான்; நீ வேறு காரணம் சொல்லக்கூடும்.

படம் இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கலர்த் தாளில் இருந்த மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தாலும் முதலில் மங்கிவிடுமாம். அதனால் சிவப்பு மேலோங்கிவிடுகிறது. உன் தம்பி அதைக் கணினியில் திருத்தித் தந்தான். கேணித் தண்ணீர் உன்னுடைய அமெரிக்கத் தடாகத்தைப் போல நீலமாகப் பளபளத்தது. கேணி ஒருநாளும் அப்படி இருந்ததில்லை; பாசி படிந்த கல்லின் பச்சை அதில் எப்போதும் கலந்திருக்கும். ஆகவே திருத்தியதை விட்டுவிட்டு, சிவந்துபோன அசலையே அடுத்த மாதம் கனடாவுக்கு வரும் உன் சின்னம்மாவின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன்னுடைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதென்றால் மாட்டு. வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம். சட்டம் போடும்போது பின்புறத்தைப் பசை வைத்து ஒட்டிவிடாதே. "கீரிமலை. பிள்ளைகள் தோய்ந்தபோது" என்று அப்பாச்சி நீல மையால் எழுதியது அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா