‘இதை நான்கூடச் செய்வேன்’ என்றவருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்து வாசலில் நிற்கும் கண்ணாடிச் சிற்பத்தைப் பற்றி வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். “நாலு கம்பி, நாலு கண்ணாடி, இதை நான்கூடச் செய்வேன், இதெல்லாம் கலையா?” என்று கேட்டிருந்தார். கலையா இல்லையா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் ‘நான்கூடச் செய்வேன்’ என்கிறாரே, அதை விட மனசு வரவில்லை. துவாஸில் 31 வருடம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறையில் வெல்டராக இருந்தவன் நான்.

இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆளுயரச் சட்டம், அதில் கண்ணாடி, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதுதான் கஷ்டமே. வீட்டு கேட் செய்யும்போது வெல்டிங் கொஞ்சம் பிசகினால் ஒரு பூவை வைத்து ஒட்டி மறைத்துவிடலாம் (நானே மறைத்திருக்கிறேன்). இங்கே எதை வைத்து மறைப்பது? மூலையில் சூடு கொஞ்சம் கூடினாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், இரண்டு மில்லிமீட்டர் முறுக்கினால் கண்ணாடி உட்காராது, சரி, கண்ணாடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமே என்றால் டெம்பர்டு கண்ணாடியில் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) கட்டரை வைத்த உடனே பொலபொலவென்று கொட்டிவிடும். அப்புறம் நம் ஊர் வெயில். சூடேறினால் இந்த எஃகு கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதற்கு இடம் விட்டு சிலிக்கோன் பசை போட வேண்டும், போட்டது கண்ணுக்கும் தெரியக்கூடாது. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. அதைத் தூக்கிப் பொருத்திய நாலு பேரின் மூச்சு எனக்குக் கேட்கிறது.

2018-19இல் தேசியக் கலைக்கூடத்தில் மினிமலிசக் கண்காட்சி (அலங்காரமே இல்லாத எளிய வடிவங்களைக் கொண்ட கலை) நடந்தபோது மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டோனல்ட் ஜட் என்ற அமெரிக்கச் சிற்பியின் வேலையை அங்கேதான் பார்த்தேன். மனிதர் 1964லிருந்தே தன் பெட்டி வடிவச் சிற்பங்களைத் தகரப் பட்டறையில் கொடுத்துத்தான் செய்து வாங்கினாராம். கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம், நம்ம ஆளுங்க!

தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே குமாரி நாகப்பன் செய்த வெண்கல மிளகாய் இருக்கிறதே, அதைப் பார்த்து யாரும் ‘இது என்ன’ என்று கேட்பதில்லை. மிளகாய் மிளகாய்தான். பெட்டிக்கும் சட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தஞ்சோங் பகார்ச் சிற்பத்தின் பக்கத்திலிருக்கும் பலகையாவது உதவ வேண்டாமா? சிற்பியின் பெயர், ஆண்டு, ‘எஃகு, கண்ணாடி’, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். எந்தப் பட்டறை செய்தது, எப்படிச் செய்தார்கள் என்று நாலு மொழியிலும் ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அதைப் படித்திருந்தால் அந்த வாசகரும் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

அவர் இன்னொரு முறை போனால், பின்பக்கம் இடது கீழ்மூலையில் குனிந்து பார்க்கட்டும். மற்ற மூன்று மூலையிலும் இணைப்பு எங்கே என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்கு வைக்கோல் நிறமும் ஊதாவும் கலந்த கறை, சூட்டில் வருவது, பாலிஷ் போட்டவர் கைக்கு எட்டவில்லை போல. பேத்தி அதைத் தொட்டுப் பார்த்து “தாத்தா, இங்கே வானவில் இருக்கு” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
ஈசூன்