சயாமுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

பினாங்கு, அக்கரை நண்பர்களுக்கு,

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் (1942–45) சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடக் கூட்டிப்போகப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு அம்மாக்களின் படங்கள், காகிதங்கள், கடிதங்கள் எல்லாம் ஒருவழியாகத் தொகுத்து முடிந்தன. தகர டின்னிலும் புடவை மடிப்பிலும் வைத்திருந்ததை நம்பிக் கொடுத்த வீடுகள் அனைத்துக்கும் வணக்கம். மொத்தமாக 'எல்லாருக்கும் நன்றி' என்று எழுதினால் யார் என்ன செய்தார் என்பது மறைந்துபோகும். அதனால் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில் பாட்டிமார். அன்று அம்மா இடுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இவர்கள். 'அப்பாவை எந்த வருஷம் கூட்டிப்போனார்கள்?' என்று கேட்டால் பதில் வராது. 'அப்போது தம்பி நடந்தானா, தவழ்ந்தானா?' என்று கேட்டால் மாதமே வந்துவிடும். சிலர் தமிழ் வருஷம் சொன்னார்கள்: சித்திரபானு என்றால் 1942 சித்திரையிலிருந்து, சுபானு என்றால் 1943 சித்திரையிலிருந்து. 'காலை ஏழு மணிக்கு லோரி வந்தது, கும்மிருட்டு' என்று ஒரு பாட்டி சொன்னதைத் தப்பு என்று திருத்தியிருப்போம். ஆனால் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைத்தான் இங்கே ஓட்டினார்கள்; கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது. அவர்களின் ஏழு மணி பழைய கணக்கில் ஐந்தரை. இருட்டாகத்தான் இருந்திருக்கும்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஐயாவுக்குத் தனி நன்றி. அந்தக் காலத் தாளில் 2603 என்று இருந்ததைக் கோப்பு எண் என்று எழுதி வைத்திருந்தோம். அது ஜப்பானிய ஆண்டு, 660 கழித்தால் 1943 என்று காட்டிக்கொடுத்தவர் அவர். 'ஷோவா 18' என்பதை யாரோ வயது என்று குறித்திருந்தார்கள். அதோடு 1925 கூட்டினால் அதே 1943தான். ஆள் பெயர் இன்னும் சிக்கல். ஒரே முனுசாமியை மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒரே தோட்டத்தில் மூன்று முனுசாமிகளும் இருப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், கங்காணி (தொழிலாளர்களை மேய்த்தவர்) பெயர் மூன்றும் ஒத்தால்தான் ஒரே ஆள் என்று ஐயா வரம்பு கட்டினார். அந்த வரம்பால் பட்டியல் சுருங்கியது, பரவாயில்லை. பொய்யான பெயர் ஒன்று ஏறினால் இன்னொரு வீட்டுக்காரர் காணாமல் போகிறார்.

இவ்வளவு தடவிப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அந்த வருஷ மழையில் காலராவில் போன நம் ஆட்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தோட்டத்தில் காத்திருந்தவளுக்கு இறப்புத் தாளும் வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதைக்கூட ஒரு தாளை வைத்து அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

ஊர்க் கடிதங்களைப் படித்துத் தந்த ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. 1941 டிசம்பரில் போர் வந்ததும் நாகப்பட்டினத் தபால் நின்றது. மறுபடி வந்த கடிதங்களில் நான்கு வருஷச் சாவுகள் ஒரே உறையில் இருந்தன. முதலில் உறையின் மூலையைப் பார்க்கச் சொன்னார்: மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. அந்தக் காலத்தார் மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி வைக்காமல் எழுதுவதால் வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

படம் நகலெடுத்த தம்பி தங்கைகள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தார்கள். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். தயவுசெய்து யாரும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. வாழைமர நோட்டுகள் (ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட பணம்) சிலவற்றை அப்படித்தான் கெடுத்து வைத்திருந்தார்கள்.

இந்தத் தொகுப்பின் திறப்பு நாளில் மரவள்ளி அவித்த அக்காமார்களுக்குக் கும்பிடு. பத்துக் கிலோவையும் உள்தோல் போகச் சீவி, துண்டாக்கி, இரவெல்லாம் ஊறவைத்து, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார்கள். கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு, அவசரப்பட்டால் தலை சுற்றும். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு விழுந்துவிடும், அதனால் சேர்த்து வைக்கவும் முடியாது. அரிசி இல்லாத வீட்டில் அம்மாக்கள் இதைச் சீவிக் காயவைத்து மாவாக்கினார்கள். வயிறு நிறையும், புரதம் கிடையாது, பிள்ளைகளுக்குக் கால் வீங்கும். அன்று தட்டில் மிச்சம் வைத்தவர்களைப் பாட்டிமார் பார்த்த பார்வையை அக்காமார் மறக்க மாட்டார்கள்.

வாங்கிய எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. ஒரு படம் மட்டும் உறை மாறி எங்களிடம் நிற்கிறது: நின்றபடி ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், மூத்தவன் கையில் தகரக் குவளை. பின்புறம் பென்சிலில் 'சுபானு ஐப்பசி' என்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் படம் என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தொகுப்பு வேலையில் இருந்தவர்கள்
ஜார்ஜ்டவுன், பினாங்கு