முன்னொட்டு தொலைந்த பாதை

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு மெயிலுக்கும் பதில் போடவில்லை, தப்புதான். இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் இன்னும் விம் எடிட்டரை விடவில்லை, உன்னைக் கேட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் சேர்ந்து எழுதினோமே, நிரலில் ஒரு சொல்லிலிருந்து அதன் வரையறைக்குத் தாவ உதவும் அந்தக் கருவி (பெயர் வைக்கவே நீ ஒரு வாரம் எடுத்துக்கொண்டாய்), அது என் இரண்டு நாளைத் தின்றுவிட்டது. சர்வரில் இருக்கும் சி நிரலை ஈமேக்ஸ் எடிட்டரில், வேறு கணினியில் உள்ள ஃபைல்களைத் திறக்க உதவும் டிராம்ப் வழியாகத் திறந்திருந்தேன். ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல உறுப்புகளைச் சேர்த்த தரவு வகை) வரையறைக்குத் தாவினால், அது எழுதியிருக்கும் ஹெடர் ஃபைல் திறக்கிறது, எனக்கு வேண்டிய உறுப்பு கண்ணெதிரே இருக்கிறது. கம்பைலரோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. பழைய பில்டை அழித்தேன், கம்பைலரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் தூக்கமும் போயிற்று.

அப்புறம்தான் விண்டோவின் அடியில் இருக்கும் மோட் லைனைக் கவனித்தேன். சர்வர் ஃபைல் என்று காட்டும் '@' குறி இல்லை! நான் படித்துக்கொண்டிருந்தது என் லேப்டாப்பில் இருக்கும் ஹெடர். அதே பாதை, அதே பெயர், வேறு பதிப்பு.

காரணம் ஒரே வரி. எந்தச் சர்வர் என்று சொல்ல டிராம்ப் பாதையின் முன்னால் ஒட்டும் 'எஸ்எஸ்எச்' முன்னொட்டு எதுவும், வரையறையைத் தேடச் சர்வரில் ஓடும் நிரலுக்குத் தெரியாது. அது வெறும் பாதையைத்தான் திருப்பித் தரும். அதை, முழுப் பாதையை உருவாக்கும் எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் என்ற ஈமேக்ஸ் ஃபங்ஷனிடம் கொடுத்தோம். சார்புப் பாதை ('/' இல்லாமல் தொடங்குவது) என்றால் அது டிஃபால்ட்-டைரக்டரியோடு, அதாவது அப்போது திறந்திருக்கும் ஃபைலின் டைரக்டரியோடு, ஒட்டிக்கொள்ளும், முன்னொட்டும் கூடவே வரும். '/' என்று தொடங்கும் முழுப் பாதை என்றால் டிஃபால்ட்-டைரக்டரியை அந்த ஃபங்ஷன் பார்ப்பதே இல்லை. நம் ப்ராஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் சார்புப் பாதைகள், அதனால்தான் இத்தனை நாளும் தெரியவில்லை.

நிரலுக்கு அனுப்பும்போது ஃபைல்-லோக்கல்-நேம் போட்டு முன்னொட்டைக் கழற்ற வேண்டும். பதில் வந்ததும் ஃபைல்-ரிமோட்-பி தரும் முன்னொட்டைத் திரும்ப மாட்ட வேண்டும். ஈமேக்ஸ் 29-இல் சேர்ந்த, வரையறைக்குத் தாவுவது போன்ற வேலைகளைச் செய்யும் எக்லாட் இதைத்தான் ஒழுங்காகச் செய்கிறது. நாம் கழற்றினோம், மாட்டவில்லை. இன்னோர் இடத்தில் சர்வரிலேயே நிரலை ஓட்டும் ப்ராசஸ்-ஃபைல் இருக்க வேண்டியதற்குப் பதில் கால்-ப்ராசஸ் இருந்தது. அது எப்போதும் லேப்டாப்பில்தான் ஓடும். அதே நிரல் இங்கேயும் இருந்தால் சத்தமில்லாமல் ஒரு பதிலைத் தந்துவிடும்.

பிழைச்செய்தி வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. வராததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த ஹெடரில் எழுத எனக்கு அனுமதி இல்லை, அதனால் தப்பித்தேன். ஆனால் உனக்கும் எனக்கும் இரண்டு பக்கமும் யூசர் பெயர் ஒன்று, ஹோம் டைரக்டரியும் ஒன்று. அங்கே ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்துவதாக நினைத்து இங்கே திருத்திச் சேமித்திருந்தால்?

என் பகுதிகளைச் சரிசெய்துவிட்டேன். ஜிடிபி (பிழை தேட உதவும் டீபக்கர்) பகுதி நீ எழுதியது. நாம் நிறுத்தச் சொன்ன பிரேக்பாயிண்டில் நிரல் நிற்கும்போது ஜிடிபி தருவது முழுப் பாதை. அந்த ஃபைலைத் திறக்கும் இடத்தில் முன்னொட்டு சேர்கிறதா? இன்றைக்கே பார்த்து எழுது. அதுவரை அந்தக் கருவியைச் சர்வர் ஃபைல்களில் தொடாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி