கோஸ்டா ரிக்காவுக்கு ராணுவம் இல்லாததா குறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவம் இல்லாத நாடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் போதைக் கும்பல்கள் தலைவிரித்தாடுவதற்கு, படையைக் கலைத்ததுதான் காரணம் என்று முடித்திருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1948 உள்நாட்டுப் போர் முடிந்ததும், அதில் வென்ற அணியின் தலைவர் ஹோசே ஃபிகெரெஸ் அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று ராணுவத்தைக் கலைத்தார். அதே மாதமே அண்டை நாடான நிகரகுவா பக்கமிருந்து அவரது எதிரணியினர் ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்தார்கள். 1955இல் மறுபடியும் வந்தார்கள். இரண்டு முறையும் வட, தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டதால் ஆட்சி தப்பியது.

2010இல் நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லை. இரு நாடுகளின் எல்லையில் உள்ள சான் ஹுவான் ஆற்று முகத்துவாரத்தில் சுமார் 3 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலத்துக்குள் நிகரகுவா வீரர்கள் வந்து, கால்வாயும் வெட்டினார்கள். கோஸ்டா ரிக்கா எல்லைக்குப் போலீசை அனுப்பியது, ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. 2015இல் அந்த நிலம் கோஸ்டா ரிக்காவுடையதே என்று தீர்ப்பு வந்தது. 2018இல் சுற்றுச்சூழல் சேதத்துக்கு இழப்பீடும் விதித்தார்கள். ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது உண்மைதான், ஆனால் போர் மூளவில்லை, நிலமும் போகவில்லை. இதைவிட நல்ல முடிவை எந்தப் படை வாங்கித் தந்திருக்கும்?

சரி, இன்றைய ஆபத்துக்கு வருவோம். 2023இல் மட்டும் அங்கே 900க்கும் மேற்பட்ட கொலைகள். சுமார் 50 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது பயங்கரமான எண்ணிக்கை, மறுக்கவில்லை. ஆனால் கொலம்பியாவிலிருந்து கடல் வழியாக வரும் கொக்கைன், மோயின் துறைமுகத்தில் அன்னாசிப் பழக் கன்டெய்னர்களுக்குள் ஒளிந்து ஐரோப்பாவுக்குப் போகிறது. அதைப் பீரங்கி வைத்துப் பிடிக்க முடியுமா? எக்வடாரில் ராணுவம் இருக்கிறது. அங்கேயும் வாழைப்பழக் கன்டெய்னர்களில் அதே சரக்குதான் போகிறது, கொலை விகிதமோ கோஸ்டா ரிக்காவைவிட மிக அதிகம். மெக்சிகோ 2006 முதல் ராணுவத்தைத் தெருவில் இறக்கியும் ரத்தம் நின்றபாடில்லை.

போதைக் கடத்தல் வழக்குகளில் சொந்தக் குடிமக்களையும் வெளிநாட்டிடம் ஒப்படைக்க 2025இல் அரசியல் சாசனத்தையே திருத்தியிருக்கிறது கோஸ்டா ரிக்கா. நாட்டைக் காக்கும் வேலை இப்போது துறைமுக ஸ்கேனரிலும், கடலோரக் காவல் படகிலும், நீதிமன்றத்திலும், மோயின் துறைமுகம் இருக்கும் லிமோன் பகுதியில் வேலையில்லாத இளைஞர்களைக் கும்பல்களிடம் போகாமல் தடுப்பதிலும்தான் இருக்கிறது. அடுத்த கட்டுரையில் இவற்றுக்கு அந்த அரசு போதிய பணம் ஒதுக்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி